கிறெம் புறூலேயும் கஸ்ரட் இனிப்புகளும்: உரிமை கோரல் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

அரசரின் முடிசூட்டும் போரும் உடன்படிக்கையுமே வரலாறு எனக் கொண்டிருந்த நிலை மாறிவிட்டது. மக்கள் எதனை விளைவித்தனர், எதனை உண்டனர், எதனை உண்ண இயலாதிருந்தனர் என்பனவும் இன்று வரலாற்று மாணவனின் ஆய்வுப் பொருள்களாகின்றன. எனினும், தானியங்கள் இவ்வகையிற் பெற்ற கவனத்தை இனிப்புப் பண்டங்கள் நம்மிடையே பெறவில்லை. அவை விருந்தின் இறுதியில் வருபவை. பசி தீர்ப்பதற்கென உண்ணப்படாதவை. எனவே அற்பமானவை என எண்ணிவிடுகின்றோம். ஆயின், இன்பத்துக்காகவே உண்ணப்படும் பண்டமானது, அவ்வின்பத்தை நுகர்ந்தோர் யாவர், அதனை இயலச் செய்த உழைப்பு யாருடையது என்னும் வினாக்களைச் சோற்றினுங் கூர்மையாக எழுப்பவல்லது. இக்கட்டுரை அத்தகைய பண்டம் ஒன்றினை, கிறெம் புறூலே என்னும் பிரெஞ்சுப் பெயர் பூண்ட இனிப்பினை, அதன் இனத்தைச் சார்ந்த ஏனைய கஸ்ரட் பண்டங்களோடு சேர்த்து நோக்க முயல்கின்றது.

கிறெம் புறூலே என்பதற்கு 'எரித்த பாலாடை' என்பது நேர்ப்பொருள். ஆழமற்ற சிறு கிண்ணமொன்றிலே, பாலாடையும் முட்டை மஞ்சட்கருவும் சீனியும் சேர்ந்து உறைந்த மென்மையான களி அடியிலிருக்கும். அதன்மேற் சீனியைத் தூவித் தீயாற் கருக்குவர். சீனி உருகி, ஆறியதும் மெல்லிய கண்ணாடித் தகடுபோல் இறுகிவிடும். உண்போர் கரண்டியின் விளிம்பால் மெதுவாகத் தட்ட, அத்தகடு ஒலியோடு உடைகின்றது. கருகிய சீனியின் கைப்பும் களியின் இனிமையும், மேற்பரப்பின் வெம்மையும் அடிப்பாகத்தின் குளிர்ச்சியும் ஒரே வாயில் ஒருங்கே உணரப்படுகின்றன. இவ்வின்பம் நெடுநேரம் நிலைப்பதன்று. சீனித் தகடு களியிலிருந்தும் காற்றிலிருந்தும் ஈரத்தை உறிஞ்சி நெகிழ்ந்துவிடும். ஆதலால் உண்பதற்குச் சற்று முன்னரே எரித்தல் வேண்டும்.

இதனை முதலில் ஆக்கியோர் யாவர் என்பது பற்றி மூன்று உரிமை கோரல்கள் உண்டு. பிரான்சு, இங்கிலாந்து, ஸ்பெயினின் வடகிழக்கிலுள்ள கற்றலோனியா ஆகியன அவற்றிற்குரிய நாடுகள். இக்கோரல்களை ஆராய்வதும், 'முதலில் ஆக்கியோர் யாவர்' என்னும் வினா எத்துணைப் பொருத்தமானது என்பதைக் காண்பதும் ஈண்டு நோக்கமாகும்.

கஸ்ரட்டின் இயல்பு

கஸ்ரட் எனப்படுவது பாலோ பாலாடையோ முட்டையினால் உறையவைக்கப்பட்ட பண்டமாகும். முட்டையிலுள்ள புரதங்கள் வெப்பத்தால் விரிந்து, ஒன்றோடொன்று பிணைந்து, வலைபோன்றதோர் அமைப்பாகிப் பாலின் நீரைத் தம்முள் அடக்கிக்கொள்கின்றன. பாலும் சீனியும் கலந்த முட்டை ஏறத்தாழ 80 பாகை செல்சியசு வெப்பத்தில் உறையும். அதற்கு மேல் ஒருசில பாகைகள் கூடினாலும் வலை இறுகி நீர் பிரிந்து, பண்டம் திரைந்துவிடும். இவ்வாறு வெற்றிக்கும் தோல்விக்கும் இடையே மிகக் குறுகிய எல்லையே உள்ளது. இவ்வெல்லையைக் காப்பதற்குச் சமையலாளர் இரு வழிகளைக் கண்டனர். நீர் நிரம்பிய தட்டில் கிண்ணத்தை வைத்து மென்சூட்டில் வேகவைத்தல் ஒன்று. மாவைச் சேர்த்து அடுப்பின்மேல் இடைவிடாது துழாவுதல் மற்றொன்று; மாப்பொருள் முட்டை திரைவதைத் தடுக்கும். இவ்விரு வழிகளின் வேறுபாட்டை நினைவிற் கொள்ளுதல் பின்வரும் ஆய்வுக்குப் பயன்படும்.

பண்டைய, இடைக்காலச் சான்றுகள்

பாலையும் முட்டையையும் சேர்த்து உறையவைக்கும் வழக்கம் மேற்கூறிய மூன்று நாடுகளினும் பழமையானது. அப்பீசியசு என்பாரின் பெயரால் வழங்கும் உரோமர் சமையல் நூலிலே, பாலைத் தேனோடு கலந்து, ஏறத்தாழ அரை இலீற்றர் பாலுக்கு ஐந்து முட்டை வீதம் சேர்த்து வடித்து, மட்கலத்தில் மென்றீயில் வேகவைக்கும் பண்டம் ஒன்று கூறப்படுகின்றது. இறுதியில் அதன்மேல் மிளகுத்தூள் தூவப்படும். உரோமருக்கு மிளகு தென்னிந்தியாவின் மேற்குக் கரையிலிருந்து சென்றது. யவனர் கலங்கள் முசிறிக்குப் பொன்னோடு வந்து மிளகோடு மீண்ட செய்தியை அகநானூற்றின் 149 ஆம் செய்யுள் குறிப்பதை நாம் அறிவோம். எனவே, நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய ஐரோப்பியக் கஸ்ரட் குறிப்பே கடல் கடந்த வணிகத்தின் தடயத்தைத் தன்மேல் தாங்கி நிற்கின்றது எனலாம்.

கஸ்ரட் என்னும் ஆங்கிலச் சொல் 'ஓடு' என்னும் பொருளடியாகப் பிறந்தது. பதினான்காம் நூற்றாண்டின் இறுதியில், இரண்டாம் றிச்சாட் மன்னனின் சமையலாளர் தொகுத்த 'ஃபோம் ஒஃவ் கியூரி' என்னும் நூலின் காலத்திலே, அச்சொல் மாவோட்டினுள் இட்டு வேகவைக்கப்பட்ட பண்டத்தையே குறித்தது. அவ்வோட்டினுள் இறைச்சியும் இருந்திருக்கலாம். முட்டையும் பாலும் இருந்திருக்கலாம். காலப்போக்கில் ஓட்டின் பெயர் உள்ளீட்டுக்கு உரியதாயிற்று. கத்தோலிக்கத் திருச்சபை தவக்காலத்தில் இறைச்சியோடு முட்டையையும் பாலையும் விலக்கியிருந்தமையால், செல்வர் வீடுகளில் அந்நாட்களிற் பசுப்பாலுக்குப் பதிலாக வாதுமைப் பால் பயன்படுத்தப்பட்டது.

மூன்று உரிமை கோரல்கள்

பிரான்சின் கோரலுக்கு அச்சிட்ட சான்று உண்டு. பதினான்காம் உலூயி மன்னனின் தம்பியாகிய ஓர்லியன்சுக் கோமகன் முதலியோரின் இல்லங்களிற் பணியாற்றிய பிரான்சுவா மசியாலோ என்னும் சமையலாளர் 1691 ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலிற் கிறெம் புறூலே என்னும் பெயரும் செய்முறையும் காணப்படுகின்றன. நான்கு அல்லது ஐந்து மஞ்சட்கருவை ஒரு கிள்ளு மாவோடு கலந்து, பாலைச் சிறிது சிறிதாக ஊற்றி, கறுவாப் பட்டையும் எலுமிச்சைத் தோலும் இட்டு, அடிப்பிடியாது அடுப்பின்மேல் துழாவுமாறு அவர் கூறுகின்றார். பின்னர் மேலே சீனியைத் தூவி, செந்நிறமாகப் பழுக்கக் காய்ச்சிய அடுப்புத் தட்டகப்பையால் அதனைப் பொன்னிறமாகக் கருக்க வேண்டும் என்கின்றார். இந்நூல் 1702 இல் ஆங்கிலத்தில் மொழிபெயர்க்கப்பட்டது.

கற்றலோனியரின் பண்டம் 'கிறெமா கற்றலானா' எனப்படும். மார்ச்சு 19 ஆம் நாள் கொண்டாடப்படும் புனித சூசையப்பர் திருநாளுக்குரியதாகையால் அவர் பெயராலும் அது வழங்கும். பாலாடையன்றிப் பால், மஞ்சட்கரு, மாப்பொருள், கறுவா, எலுமிச்சைத் தோல் ஆகியவற்றை அடுப்பின்மேல் துழாவி, மட்தட்டில் ஊற்றி ஆறவிட்டு, மேலே சீனியைக் காய்ச்சிய இரும்பாற் கருக்குவது அதன் முறை. இங்கு ஒரு செய்தி மனங்கொளத்தக்கது. மாவும் பாலும் கறுவாவும் சேர்த்து அடுப்பின்மேல் துழாவும் மசியாலோவின் பண்டம், பாலாடையை நீர்த்தட்டில் வேகவைக்கும் இன்றைய பிரெஞ்சுப் பண்டத்தைக் காட்டிலும் இன்றைய கற்றலோனியப் பண்டத்தையே பெரிதும் ஒத்திருக்கின்றது. பெயர் ஒரு நாட்டில் நிலைத்தது. அப்பெயர் முதலிற் குறித்த செய்முறையோ அயல்நாட்டிலேயே நன்கு பேணப்பட்டது.

ஆங்கிலேயரின் கோரல் கேம்பிறிட்ஜ் பல்கலைக்கழகத்தின் திறினிற்றிக் கல்லூரியோடு தொடர்புடையது. 1879 ஆம் ஆண்டளவில் அக்கல்லூரியின் விருந்துக் கூடத்தில், கல்லூரிச் சின்னம் பொறித்த இரும்பால் மேற்பரப்பைக் கருக்கிப் பரிமாறும் வழக்கம் தோன்றியது எனக் கூறுவர். கல்லூரியின் பெயரும் பண்டத்துக்கு ஒட்டிக்கொண்டது. ஆயின், அக்கல்லூரியே பண்டத்தைப் புதிதாகக் கண்டுபிடித்தது என்பதற்கு ஆதாரமில்லை. அதற்கு 110 ஆண்டுகள் முன்பே, 1769 இல், எலிசபெத் றஃபல்ட் என்னும் பெண்மணி வெளியிட்ட சமையல் நூலில் எரித்த பாலாடைக்கான செய்முறை உண்டு. பிரபுக்களின் மாளிகையில் மனைமேலாளராகப் பணியாற்றிப் பின்னர் மன்செஸ்ரர் நகரிற் கடை நடத்தியவர் அவர். ஆறிய பாலாடைமீது கால் இறாத்தல் சீனியைச் சலித்துத் தூவி, காய்ச்சிய இரும்பை அதன்மேற் பிடித்து, கண்ணாடித் தட்டொன்று மூடியிருப்பதுபோலத் தோன்றும்வரை கருக்குமாறு அவர் எழுதினார். மசியாலோ வேண்டியது பொன்னிறம். றஃபல்ட் வேண்டியதோ கண்ணாடித் தகடு. இன்று நாம் கரண்டியால் தட்டி மகிழும் அத்தகடு, ஊதியத்துக்கு உழைத்த ஒரு பெண்ணின் எழுத்திலே இத்துணைத் தெளிவாக விவரிக்கப்பட்டுள்ளது. அவளுடைய பெயரைப் பண்டம் பெறவில்லை. கல்லூரியின் பெயரையே பெற்றது.

இதற்கு மாறாக, மசியாலோவின் நூலின் பிற்காலப் பதிப்பொன்றில் இத்தகைய பண்டம் 'ஆங்கிலப் பாலாடை' எனப் பெயரிடப்பட்டிருப்பதும் நோக்கத்தக்கது. பிரெஞ்சு நூலே பண்டத்தை ஆங்கிலேயருக்கு உரியதாகக் குறிக்க, ஆங்கிலேயர் பிரெஞ்சுப் பெயரை நாட, கற்றலோனியர் இருவரையும் மறுக்கின்றனர். அச்சிட்ட முதற் குறிப்பு எங்கே உளது என்பதற்கு விடை கூறலாம். ஆனால் அச்சிட்ட முதற் குறிப்பு வேறு, முதல் ஆக்கம் வேறு. எழுதத் தெரிந்தவர், அச்சகத்தை அணுகக்கூடியவர், அரண்மனையோடு தொடர்புடையவர் ஆகியோரின் அடுப்புகளே ஏட்டில் இடம்பெற்றன. ஏனைய அடுப்புகள் சான்று விட்டுச் செல்லவில்லை.

எரிக்கப்பட்ட சீனி

எனவே, வேறொரு வினாவைக் கேட்பது பயனுடையது. பாலும் முட்டையும் உரோமர் காலம் முதல் இருந்திருக்க, சீனியைத் தூவி எரிக்கும் வழக்கம் ஏன் பதினேழாம், பதினெட்டாம் நூற்றாண்டுகளிற் பரவியது?

இடைக்கால ஐரோப்பாவிற் சீனி மருந்துக் கடையில் நிறுத்து விற்கப்பட்ட அரும்பொருள். அதனை எரித்து அழகு பார்க்க எவருக்கும் எளிதில் இயலாது. பதினைந்தாம் நூற்றாண்டிற் போர்த்துக்கேயர் மதெய்ராத் தீவிலும், அடுத்த நூற்றாண்டிற் பிறேசிலிலும் கரும்புத் தோட்டங்களை நிறுவினர். 1640 களிலிருந்து ஆங்கிலேயர் பாபடோசுத் தீவிலும், பின்னர் பிரெஞ்சுக்காரர் சான் டொமிங்கிலும் இதனைப் பேரளவில் விரிவாக்கினர். ஆபிரிக்காவிலிருந்து விலங்கிடப்பட்டுக் கொண்டுவரப்பட்ட அடிமைகளே இத்தோட்டங்களில் உழைத்தனர். 1789 அளவில் சான் டொமிங்கில் மட்டும் ஏறத்தாழ ஐந்து இலட்சம் அடிமைகள் இருந்தனர். இங்கிலாந்தில் ஆளொருவர் ஓராண்டில் உண்ட சீனி 1700 இல் ஏறத்தாழ 4 இறாத்தலாக இருந்து 1800 அளவில் 18 இறாத்தலாக உயர்ந்தது என மானிடவியலாளர் சிட்னி மின்ற்சு 1985 இல் வெளியிட்ட நூல் காட்டுகின்றது. றஃபல்ட் ஒரு தட்டின் மேற்பரப்புக்கு மட்டும் கூறிய கால் இறாத்தல், 1700 இல் ஓர் ஆங்கிலேயருக்குச் சராசரியாகக் கிடைத்த ஆண்டுச் சீனியின் பதினாறில் ஒரு பங்காகும். இவ்வளவு சீனியைக் கருக்கிவிடும் துணிவு சமையலறையிற் பிறந்ததன்று. அது பெருந்தோட்டத்திற் பிறந்தது.

இவ்வுண்மையை அக்காலத்தவர் அறியாதிருக்கவில்லை. 1791 இல் வில்லியம் ஃபொக்சு என்பார் மேற்கிந்தியச் சீனியை விலக்குமாறு பிரித்தானிய மக்களை வேண்டித் துண்டுப்பிரசுரம் வெளியிட்டார். இல்லங்கள் பல சீனியை விலக்கின. அதே ஆண்டிற் சான் டொமிங்கின் அடிமைகள் கிளர்ந்தெழுந்தனர். 1804 இல் அந்நாடு எயிற்றி என்னும் பெயரோடு சுதந்திரம் பெற்றது. பிரித்தானியப் பேரரசில் அடிமைமுறையை ஒழிக்கும் சட்டம் 1833 இலும், பிரெஞ்சுக் குடியேற்றங்களில் 1848 இலும், பிறேசிலில் 1888 இலும் நிறைவேறியது.

மசியாலோவின் கறுவாப் பட்டையும் இவ்வகையில் நம்மை நேரடியாகத் தொடுகின்றது. 1658 இல் இலங்கையின் கரையோரத்திலிருந்து போர்த்துக்கேயரை முற்றாக அகற்றிய ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கும்பனி, அக்காலத்தில் ஐரோப்பாவுக்குச் சென்ற உயர்தரக் கறுவாவின் வணிகத்தைத் தன் ஏகபோகமாக வைத்திருந்தது. அக்கறுவா அன்று தோட்டப் பயிரன்று. சலாகம சாதியினர் கட்டாய ஊழியமாகக் காடுகளிற் புகுந்து அதனை உரித்துக் கொடுத்தனர். 1691 இற் பாரிசு மாளிகையின் அடுப்பில் மணந்த கறுவா இத்தீவின் காட்டிலிருந்து சென்றதாகவே இருந்திருக்க வேண்டும். இன்று மூன்று நாட்டினர் உரிமை கோரும் அப்பண்டத்தில் மேற்கிந்திய அடிமைக்கும் இலங்கைக் கறுவா உரிப்போனுக்கும் பங்குண்டு. அவர்கள் சார்பில் உரிமை கோருவோர் எவருமிலர்.

மடங்களும் கடைகளும்

கஸ்ரட் இனத்தின் மற்றொரு கிளை போர்த்துக்கல்லின் கன்னியர் மடங்களில் வளர்ந்தது. முட்டை வெண்கருவை ஆடைகளுக்குக் கஞ்சியிடவும் வைன் மதுவைத் தெளிவாக்கவும் பயன்படுத்தினர் என்றும், எஞ்சிய மஞ்சட்கருவைக் குடியேற்ற நாட்டுச் சீனியோடு சேர்த்து இனிப்புகளாக்கினர் என்றும் கூறுவர். 1834 இல் போர்த்துக்கேய அரசு துறவற மடங்களைக் கலைத்தது. இலிசுபனை அடுத்த பெலெம் என்னுமிடத்தில், யெரோனிமசு மடத்தின் செய்முறையைப் பின்பற்றிய சிறு கஸ்ரட் அப்பங்களை விற்கும் கடையொன்று 1837 இல் தொடங்கியது. அக்கடை இன்றும் நடைபெறுகின்றது.

அதே 1837 ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் பேமிங்காம் நகரில் அல்பிறட் பேட் என்னும் மருந்து வணிகர், முட்டை ஒவ்வாத தம் மனைவிக்காக, சோளமாவினால் முட்டையற்ற கஸ்ரட் தூளை ஆக்கினார். ஒரே ஆண்டில், மஞ்சட்கரு நிறைந்த மடத்துப் பண்டம் சந்தைக்கு வந்தது; மஞ்சட்கரு அறவேயில்லாத தூளும் பிறந்தது. பின்னது தொழிற்சாலைப் பொருளாகிப் பிரித்தானியர் ஆட்சி பரவிய நாடுகளிலெல்லாம் புகுந்தது. கஸ்ரட் என்றதும் மஞ்சள் நிறத் தூளையே நம்மிற் பலர் நினைப்பதற்கு இதுவே காரணம்.

கிறெம் புறூலேயும் பிற்காலத்தில் இவ்வாறே சந்தையின் போக்குக்கு உட்பட்டது. 1980 களில் நியூயோர்க் நகரின் 'லெ சேர்க்' உணவகத்தின் உரிமையாளர் சிரியோ மச்சியோனி அதனைத் தம் விருந்துப் பட்டியலில் முதன்மைப்படுத்தியதன் பின்னர், அது உலகெங்கும் விடுதிகளின் வழமையான இனிப்பாயிற்று. அவரும் ஸ்பெயினிற் சுவைத்த கற்றலோனியப் பண்டத்தாலேயே தூண்டப்பெற்றவர். பழுக்கக் காய்ச்சிய இரும்பின் இடத்தை இன்று வாயுச் சுவாலை பெரிதும் பிடித்துக்கொண்டது.

வட்டிலப்பம்

நம் நாட்டிலும் கஸ்ரட் இனத்தைச் சேர்ந்த பண்டம் ஒன்று உண்டு. பேச்சில் வட்டலப்பம் எனவும் வழங்கும் வட்டிலப்பம் தேங்காய்ப்பால், முட்டை, கித்துட் கருப்பட்டி, ஏலம் ஆகியன சேர்த்து நீராவியில் அவிக்கப்படுவது. பசுப்பாலின் இடத்தில் தேங்காய்ப்பாலும், வெண்சீனியின் இடத்திற் கருப்பட்டியும் நிற்கின்றன. நீர்த்தட்டு செய்யும் பணியை நீராவி செய்கின்றது. ஒல்லாந்தர் ஆட்சியில் படைவீரராகவும் நாடுகடத்தப்பட்டோராகவும் யாவா முதலிய தீவுகளிலிருந்து வந்த மலாயரின் வழியாக இது இங்கு வந்தது எனப் பொதுவாகக் கருதப்படுகின்றது. அவ்வழியில் தேங்காய்ப்பாலும் முட்டையும் சேர்ந்த 'சிறீக்காயா' என்னும் பண்டம் இன்றும் உண்டு. முஸ்லிம் இல்லங்களில் இது நோன்புப் பெருநாளுக்குரிய இனிப்பு. அதன் பெயரோ 'வட்டில்', 'அப்பம்' என்னும் தமிழ்ச் சொற்களாலானது. அதற்கு வேண்டிய கருப்பட்டியைச் சிங்களக் கிராமங்களின் கித்துள் சீவுவோர் பன்னெடுங்காலமாக ஆக்கி வருகின்றனர். இப்பண்டத்தைத் தனியொரு சமூகத்தின் உடைமை எனக் கூற முற்படுவோர், பெயரையோ பாகையோ செய்முறையையோ ஒதுக்கிவிட்டே அவ்வாறு கூற வேண்டியிருக்கும்.

முடிவாக நோக்குமிடத்து, கஸ்ரட் பண்டங்களின் வரலாறு இரண்டு உண்மைகளைத் தெளிவாக்குகின்றது. ஒன்று, 'இது எம்முடையதே' என்னும் கோரல் பெரும்பாலும் ஏட்டில் இடம்பெற்றோரின் கோரல் என்பது. அதனை வரலாற்றுச் சான்றாகக் கொள்ளுமுன் ஏட்டில் இடம்பெறாதோர் யாவர் எனக் கேட்டல் வேண்டும். மற்றையது, பண்டமொன்றை ஆக்குவது நாடன்று, பொருளும் உழைப்பும் கைப்பழக்கமும் ஓரிடத்திற் கூடும் நிலைமையே என்பது. இவற்றை அறிவதால் எரித்த பாலாடையின் சுவை குறைவதில்லை. தகட்டைத் தட்டி உடைக்கும்போது அதன் இனிமையோடு கைப்பும் ஏன் கலந்தது என்பதைச் சேர்த்து அறிந்துகொள்கின்றோம், அவ்வளவே.

கிறெம் புறூலேக்கு 1691 இல் ஓர் ஏடு வாய்த்தது. வட்டிலப்பத்தின் செய்முறை வேறுபாடுகளிற் பல இன்றும் முதிய பெண்களின் நினைவிலேயே உள்ளன. காத்தான்குடியிலும் பேருவளையிலும் மலாயர் வாழும் கொழும்புத் தெருக்களிலும் அவை கேட்டு எழுதப்படவேண்டும். சொன்னவரின் பெயரோடு எழுதப்படவேண்டும். அப்பணியைப் பல்கலைக்கழக மாணவர் அடுத்த விடுமுறையிலேயே தொடங்கலாம்.